தலைக்கு எண்ணெய்

பத்து நிமிஷம் எனக்கு ஓர் அத்தை இருந்தாள்.

1992, ஐப்பசி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் தறியில் கோர்வைக்கு உட்கார்ந்திருந்தேன். வயது பதிமூன்று. அடைமழை. வெயில் காலமாக இருந்தால் விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குத் தண்ணீர்தான் தெரு நெடுக நீண்டு கிடந்தது. வாசலில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது. குடையை மடக்கிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் கையில் நோட்டு.

"இந்தப் பையன் யாரு?"

தறிக்காரர் மிதியிலிருந்து காலை எடுத்தார், வாய் திறக்கவில்லை. அதற்குள் வீட்டம்மா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து என் உச்சந்தலையில் கையை வைத்தாள். "எங்க அண்ணன் மவன் சார். தாயில்லாப் புள்ள. இங்கதான் வளர்றான். மழைக்கு ஸ்கூல் லீவு வுட்டாங்க, சும்மா குந்திக்கினு இருக்கான்." பெயர் கேட்டார்கள். சொன்னாள். என் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை நான் 'பையா'. வந்தவர்கள் டீ குடித்தார்கள், நோட்டில் எழுதினார்கள், போனார்கள். ஜீப் தெரு முனை திரும்புகிற வரைக்கும் அந்தக் கை தலையிலேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

"இன்னாடா பாத்துக்கினு இருக்க? கரையப் போடு."

வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? அன்றிரவு தறிக்குழி ஓரத்தில் படுத்துக்கொண்டு நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். அந்த ஜீப் நாளைக்கும் வரவேண்டும். தினமும் வரவேண்டும், தினமும் அவள் பொய் சொல்ல வேண்டும்.

அந்தப் பொய் நுழைவதற்குச் சட்டத்திலேயே ஒரு வாசல் இருந்தது என்பது ரொம்ப வருஷம் கழித்துத் தெரிந்தது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினாலு வயதுக்கு உட்பட்டவர்களை வைத்துச் செய்யக்கூடாத வேலைகளில் துணி நெசவையும் சேர்த்திருந்தது. ஆனால் ஒருவர் தன் குடும்பத்தார் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே அதிகாரி வரும்போது தறியில் இருக்கிற பையன் யாருக்காவது மருமகன், யாருக்காவது தம்பி. 2016-ல் திருத்தம் வந்தது. பதினாலுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்ற விலக்கு மட்டும் அதிலும் நின்றுவிட்டது. குடும்பம் என்ற சொல் வந்ததும் சட்டம் எழுதுகிறவர்களுக்கும் கண் கலங்கிவிடும் போலிருக்கிறது.

ஜீப் வராத நாட்களில் அந்த வீட்டில் என்னைப் பற்றிச் சொல்வது வேறு. "எங்க வீட்டுப் புள்ள மாதிரி." சோறு உண்டு, வீட்டார் சாப்பிட்ட பிறகு. தீபாவளிக்குச் சட்டை உண்டு, அவர்கள் பையன் போன வருஷம் போட்டது. காய்ச்சல் வந்தால் மாத்திரை உண்டு, மறுநாள் தறி நிற்கக்கூடாது என்பதற்காக. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் தலைக்கு மேலும் பட்டும் ஜரிகையும் கொடுக்கிறவரிடம் கடன் இருந்தது. 'மாதிரி' என்ற அந்த ஒரு சொல்லோடுதான் எனக்கு வழக்கு. பிள்ளைக்கும் பிள்ளை மாதிரிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியைத்தான் ஊர்க் கோயில்களில் எல்லாம் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

ரத்தம் என்று பதில் சொல்ல எனக்கு வழியில்லை. என் அப்பா ரத்தம்தான். வாலாஜாபாத் பக்கம் ஒரு ஊர். எனக்கு ஏழு வயதில் அம்மா போய்விட்டாள். 1989-ல் அப்பா என்னை இந்த வீட்டில் விட்டு 1,500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு முத்திரைத்தாளில் கைநாட்டு வைத்தார். கூலியில் கழியும் என்று பேச்சு. கழியவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வருவார். வந்ததும் முதலில் தறிக்காரரைப் பார்ப்பார், இன்னும் ஒரு முந்நூறு, ஐநூறு வாங்கிக்கொள்வார்; பிறகு என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்க" என்பார். கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்திருந்தார்கள். 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது அதில் எங்கள் ஊரும் இருந்தது. 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலை எந்த ஊர்ப் பிள்ளை என்பதற்குச் சான்று வந்துவிட்டது. கரை போட்டவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பார் இல்லை.

கோர்வை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மேலே சாயம் ஏற்றிய நிறம் இல்லை அது, நூலே வேறு. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. நெய்கிறவர் நடுவில் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து உடல் நாடாவை ஓட்டுவார். ஒரு பக்கத்துக் கரைக்குப் பக்கத்தில் ஒரு பையன். உடல் இழை கரை வரைக்கும் வந்ததும் கரை இழையை அதில் மாட்டித் திருப்ப வேண்டும், ஒவ்வோர் ஊடைக்கும். ஒரு மாட்டல் தவறினால் கரையோரம் பல் விழுந்த வாய் போல இளிக்கும். ஒழுங்காக மாட்டினால், சேலை நைந்து போனாலும் கரை தனியே கழன்று வராது. நாளெல்லாம் இரண்டு நிறத்தைப் பிரிக்க முடியாதபடி சேர்த்துக்கொண்டிருந்தவனை எந்த வீட்டோடும் யாரும் சேர்க்கவில்லை என்று எழுதினால் கவிதை மாதிரி இருக்கும். அப்போது எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. விரல் எரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் உற்சவம். கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய தெற்குக் கோபுரம் தறி வீட்டுக் கொல்லையிலிருந்தே தெரியும், 192 அடி. பகலில் போக விடமாட்டார்கள். ராத்திரி வீட்டார் சாமி பார்க்கப் போனபோது நானும் பின்னாலேயே போய்க் கூட்டத்தில் நழுவிவிட்டேன். மண்டபத்தில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. சுந்தரமூர்த்தி நாயனார் கதை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். புத்தூரில் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளை மணையில். ஒரு கிழவர் குடையும் தடியுமாக வந்து, "இவன் எனக்கு அடிமை, கல்யாணம் பிறகு, வழக்கைத் தீர்" என்கிறார். கையில் ஓலை. இவனுடைய பாட்டன் எழுதிக்கொடுத்தது: நானும் என் வழியில் வருகிறவர்களும் உமக்கு அடிமை. மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். நீ கிழித்தது படி, மூலம் என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூரில் சபை கூடுகிறது. பாட்டன் எழுதிய வேறு ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது. அடிமைதான் என்று தீர்ப்பு. சரி ஐயா, உம் வீடு எங்கே என்று கேட்டால் கிழவர் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துபோகிறார்.

பிரசங்கியார் இனிக்க இனிக்கச் சொன்னார். சுந்தரர் கிழவரைப் பைத்தியமா என்று கேட்கிற இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். தீர்ப்பு வந்ததும் ஹர ஹர என்றார்கள். எனக்குக் கை சில்லிட்டுப் போனது. சாமியும் பத்திரம் வைத்திருக்கிறார்! எங்கள் தறிக்காரர் வீட்டில் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிற காகிதம் போல ஒன்று. பாட்டன் வாங்கினதைப் பேரன் கழிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கையெழுத்துச் சரி என்கிறார்கள்.

பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசைக்கு எதிரே ஓர் ஓதுவார் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். எப்படித் தைரியம் வந்ததோ, அவரிடம் போய்க் கேட்டேன். "தாத்தா எழுதிக்கொடுத்தா பேரன் எப்படி சாமி அடிமை ஆவான்?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பட்டு அறுத்த கோடுகள் அதில் இருக்கும். "அதே கேள்வியத்தான்டா அவரும் கேட்டாரு. நீ இன்னா பைத்தியமான்னு கேட்டாரு. அந்தத் திட்டையே மொதல் வார்த்தையா வெச்சிப் பாடுன்னு சொல்லிட்டாரு சாமி."

இந்தப் பதிலோடு நான் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். என் பத்திரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அறை விழுந்திருக்கும். அந்தப் பத்திரத்தைக் கேள்வி கேட்டவனுக்குக் கேள்வியே தேவாரம் ஆனது. அந்த வித்தியாசம் பெரியதுதான். சைவ நூல்களில் நெறிகளைப் பிரித்துச் சொல்வார்கள்: அப்பர் அடிமை வழி, சம்பந்தர் பிள்ளை வழி, சுந்தரர் தோழர் வழி. ஓலையில் அடிமை என்று எழுதிப் பிடிக்கப்பட்டவர் கடைசியில் தம்பிரான் தோழர் ஆனார் என்பதும் பெரிய விஷயம். ஆனாலும் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. அடிமையாக இருப்பதே இன்பம் என்று மேடையில் உருகுகிறவர்கள் யாரும் முத்திரைத்தாளைக் கிட்டத்தில் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. அதைப் பிரசங்கியார் இரண்டு வரியில் தாண்டிப் போனார். சுந்தரர் சிறு குழந்தையாகத் தெருவில் தேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் பார்த்தார். பெற்றவர்களிடம் போய், இந்தப் பிள்ளையை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி வளர்த்தார். அவரும் வேறு வீட்டில் வளர்ந்தவர்தான். ஆனால் அந்த வீட்டார் கேட்டு வாங்கிப் போனார்கள், கைநாட்டு வாங்கவில்லை. அதே சுந்தரர் பிற்பாடு திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறி இரண்டு கண்ணும் போய், தடவிக்கொண்டே எங்கள் ஊருக்கு வந்தார். ஏகம்பத்தில் இடது கண் கிடைத்தது. வலது கண்ணுக்குத் திருவாரூர் வரைக்கும் நடந்தார். எங்கள் ஊர் யாருக்கும் பாதிதான் கொடுக்கும் என்று தறிப் பையன்களுக்குள் நான் சொல்வதுண்டு.

மீதிப் பாதி எனக்கு ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவிலேயே கிடைத்தது.

நெசவாளிக்கு அமாவாசைதான் விடுமுறை. மாதம் ஒருநாள். அன்றைக்கு வீட்டம்மா என்னைப் பூ வாங்க அனுப்புவாள். தெருவோரம் சாக்கு விரித்துப் பூக்கட்டுகிற கிழவி ஒருத்தி. ஊரே ஆயா என்று கூப்பிடும். வாழைநார் நனைந்த விரல்கள்; பேசிக்கொண்டே கட்டுவாள், பூவைப் பார்க்கவே மாட்டாள். ஒரு அமாவாசையன்று முழத்தை அளந்தவள் என் தலையைப் பார்த்துக் கையை நிறுத்தினாள்.

"இன்னாடா இது? காஞ்சிபுரம்னா தலையும் காஞ்சி போய்த்தான் கெடக்கணுமா?"

நான் பேசவில்லை. முறத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தாள். தேங்காயெண்ணெய். உள்ளங்கையில் ஊற்றி, என்னைக் குனியச் சொல்லி, உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். நார் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். தலையில் உமி தேய்ப்பதுபோல இருந்தது. பக்கத்தில் தேங்காய் விற்கிறவர் சொன்னார், "அமாவாசையும் அதுவுமா எண்ணெ வெக்கறியே ஆயா, ஆகாதே." அவள் நிமிரவில்லை. "இவனுக்கு லீவே அன்னிக்குத்தான். சாமி கணக்குல வெச்சிக்காது." பிறகு கோயில் பக்கம் கையைக் காட்டினாள். "உள்ள இருக்கறவருக்கே தலைக்குத் தண்ணி கெடையாது. பூசறதுதான்."

அது நிஜம். ஏகாம்பரநாதர் மணல் லிங்கம். அம்பாள் மாமரத்தடியில் மணலைப் பிடித்து வைத்துப் பூசை செய்தபோது கம்பை ஆற்றில் வெள்ளம் வந்தது. கரைந்துவிடுமே என்று அப்படியே கட்டிக்கொண்டாள். சாமி குழைந்தார் என்பது தல புராணம். மணல் என்பதால் மேலே நீர் ஊற்றுவதில்லை, புனுகுதான் சாத்துவார்கள். ஆயா புராணம் படித்தவள் இல்லை. தெருவில் உட்கார்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்தாள். பெரிய காஞ்சிபுரத்தில் சிவன் கோயில் எதிலும் அம்பாளுக்குத் தனிச் சன்னதி ஏன் இல்லை என்றும் அவள்தான் சொன்னாள். எல்லாருக்கும் சேர்த்துக் காமாட்சி ஒருத்திதான். "அத்தினி சிவனுக்கும் ஒரே அடுப்பு."

காமாட்சி உட்கார்ந்திருப்பாள், பத்மாசனத்தில். மற்ற ஊர்களில் அம்மன் பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பாள். என் அம்மா உட்கார்ந்து நான் பார்த்த ஞாபகமே இல்லை. அதனாலோ என்னவோ, உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவைப் பார்த்தால் எனக்கு முதலில் நிம்மதிதான் வரும், பக்தி பிறகு.

இந்தக் காமாட்சி சிவனிடம் இரண்டு நாழி நெல் வாங்கிக்கொண்டு காஞ்சியில் முப்பத்திரண்டு அறம் வளர்த்தாள் என்பார்கள். அந்தப் பட்டியலை இருபது வயதுக்கு மேல், இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு, நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன். ஏதோ பெரிய பெரிய தர்மமாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். தண்ணீர்ப் பந்தல், மடம், சோலை எல்லாம் இருந்தன. நடுவில் சின்னச் சின்னதாக வேறு சில: காதோலை. கண்ணாடி. கண்ணுக்கு மருந்து. வண்ணார். நாவிதர். மகவு வளர்த்தல். மாடு உடம்பு உரசிக்கொள்ள ஒரு கல் நடுவது. அதற்குப் பெயர் ஆவுரிஞ்சு தறி, என் தொழில் பெயரோடு. அப்புறம் இரண்டே சொல்: தலைக்கு எண்ணெய்.

நூலகத்தில் அழுவது அநாகரிகம். புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து பீடி பிடித்தேன்.

யோசித்துப் பாருங்கள். சோறு போட்டால் உயிர் நிற்கும். அதனால் சோறு அறம். எண்ணெய் இல்லாமல் யாரும் செத்துப்போவதில்லை. கண்ணாடி இல்லாமலும் இல்லை. இருந்தும், யாரோ ஒரு காலத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் எண்ணிச் சேர்த்திருக்கிறார்கள். தறி வீட்டில் எனக்குக் கிடைத்ததெல்லாம் கணக்கில் வரக்கூடியவை. சோறு போட்டால் கை ஓடும், மாத்திரை கொடுத்தால் மறுநாள் தறி ஓடும். ஒரு பையனின் தலை காய்ந்திருந்தால் தறிக்கு என்ன குறை? எண்ணெய்க்குக் கணக்கில் இடமே இல்லை. 'மாதிரி' என்கிற சொல் முடிகிற எல்லை அங்கேதான் எங்கேயோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு எங்கள் ஊர் நாயனார் ஒருவர் சாட்சி. திருக்குறிப்புத் தொண்டர், வண்ணார் குலம். சேக்கிழார் அவர் புராணத்தில் பெரும்பகுதி தொண்டை நாட்டையும் காஞ்சியையுமே பாடுகிறார். காமாட்சியின் மணல் பூசையும் அறமும் அங்கேதான் வருகின்றன. சலவைக்காரர் கதை கடைசிச் சில பாடல்களில் மட்டும். குளிர் காலம். மெலிந்த ஓர் அடியார், அழுக்குக் கந்தல் ஒன்றோடு வருகிறார். தோய்த்துத் தருகிறேன் என்கிறார் இவர். பொழுது சாய்வதற்குள் தந்துவிடு, இல்லாவிட்டால் குளிரில் வாடிவிடுவேன் என்கிறார் அவர். தோய்த்ததும் மழை பிடித்துக்கொள்கிறது, விடவே இல்லை. சொன்ன வேளைக்குத் துணி காயவில்லை. துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொள்கிறார் நாயனார். கல்லருகே ஒரு கை எழுந்து அவரைப் பிடித்துக்கொள்கிறது.

கதையை விடப் பெயர் எனக்கு முக்கியம். குறிப்பு. அடியார்களின் முகக் குறிப்பை அறிந்து, அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் செய்கிறவர் என்பதால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று சேக்கிழாரே சொல்லவில்லை. ஆயாவுக்கும் ஊர் வைத்த பெயர்தான். சொந்தப் பெயர் எனக்குக் கடைசி நாளில்தான் தெரிந்தது. நான் எண்ணெய் கேட்கவில்லை. கேட்க வேண்டிய பொருள் என்று எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. மூன்று வருஷம் ஒவ்வோர் அமாவாசைக்கும் அந்த டப்பா திறந்தது. நீ என் பேரன் மாதிரி என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. திட்டுவாள். நகம் வெட்டவில்லை என்று திட்டுவாள், கூனிக்கொண்டு நடக்கிறேன் என்று திட்டுவாள், அப்பன் வந்தால் செருப்பால் அடிக்காமல் விட்டேனே என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

முப்பத்திரண்டில் இன்னொன்று, விலை கொடுத்து உயிர் காத்தல். வெட்டக் கொண்டுபோகிற ஆட்டையோ மாட்டையோ காசு கொடுத்து மீட்பது. எனக்கும் 1995-ல் விலை கொடுத்தார் ஒருவர். இன்னொரு தறிக்காரர், என் பேரில் நின்ற பாக்கியை அடைத்து என்னைத் தன் தறிக்கு மாற்றிக்கொண்டார். அதை அறத்தில் சேர்ப்பதா வியாபாரத்தில் சேர்ப்பதா என்று கேட்டால் வியாபாரம் என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே நெய்யக் கற்றேன், பிறகு ஜக்கார்டு அட்டை அடிக்கக் கற்றேன். இன்றைக்கும் அதுதான் சோறு. அட்டையில் துளை இருக்கிற இடத்து இழை தூக்கும், இல்லாத இடத்து இழை தூக்காது.

ஒரு சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு ஆயாவுக்குக் கண் மங்கியபோது அவளை என் வீட்டுத் திண்ணையறைக்குக் கூட்டி வந்தேன். ஊரில் மெச்சினார்கள். அது அவளுக்காகவா எனக்காகவா? மணிமேகலையில் ஆபுத்திரன் வருகிறான். பெற்றவள் போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்தது. வளர்த்த ஊரே பிறப்பைச் சொல்லித் துரத்தியது. மதுரைக்குப் போய்ப் பிச்சை எடுத்து, யாருமற்றவர்களைக் கூப்பிட்டுப் போட்டு, மிச்சத்தைத் தின்று, திருவோட்டைத் தலைக்கு வைத்துப் படுத்தான். பிறகு சிந்தாதேவி கொடுத்த அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் வந்தது. இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டில் பசியே இல்லாமல் செய்ததும் அவன் கதி என்ன ஆயிற்று? சாப்பிட வாருங்கள் என்று ஊர் ஊராகப் போய் அழைத்தான், வருவார் இல்லை. எல்லார் பசியும் தீர்ந்ததற்கு மகிழ வேண்டியவன் தவித்துப்போகிறான். அவனுக்கு உறவென்று இருந்தது பிறர் பசி ஒன்றுதான், அதுவும் போயிற்று. அந்தப் பாத்திரம்தான் பின்னாளில் மணிமேகலை கையில் எங்கள் காஞ்சிக்குப் பஞ்சம் தீர்க்க வந்தது. நானும் ஆயாவின் மங்கிய கண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு வீடு கட்டிக்கொள்ளப் பார்த்தேனோ என்று தோன்றும். இருக்கலாம். அவளிடம் இதை ஒருமுறை சுற்றி வளைத்துச் சொன்னேன். "எண்ணெய ஊத்துடா, பேச்ச ஊத்தாத" என்றாள். அப்போது நான் அவள் தலைக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

2009 மாசியில் ஒரு விடியற்காலை போய்விட்டாள். மகன் ஒருவன் எப்போதோ வடக்கே போனவன், தகவல் இல்லை. அவளுடைய துணிப்பெட்டியில் ரேஷன் கார்டு இருந்தது; அதில்தான் பெயரைப் படித்தேன். எழுதமாட்டேன், அது அவளுடையது.

யார் கொள்ளி வைப்பது என்று தெருவில் கேட்டார்கள். நான் என்றேன். சாதி விசாரிக்க ஒருவர் வாயெடுத்தார். தேங்காய்க் கடைக்காரர் அவரை அப்பால் கூட்டிக்கொண்டு போனார். சுடுகாட்டில் ரசீதுக்குப் பேர் எழுதுகிறவர் நோட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"இறந்தவருக்கு நீ என்ன உறவு?"

பழக்க தோஷம். "பேரன் மாதிரி" என்றேன்.

"மாதிரின்னெல்லாம் எழுத எடம் இல்லப்பா" என்று சொல்லி, அவரே எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பேரன் என்று இருந்தது.

கொள்ளி வைத்தவனுக்குப் பதினாறு நாள் தீட்டு. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. வைக்கவில்லை. அந்தப் பதினாறு நாளுக்குள் ஒரு அமாவாசை வந்தது. தெருவில் தறிச் சத்தம் இல்லை. காய்ந்த தலையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.